ஹெஸ்டர் தேய்த்த காலர்கள்

உங்கள் காலர் கொஞ்சம் துவண்டிருக்கிறது, ஐயா. கஞ்சி போடுவது எல்லோருக்கும் கைவருகிற வேலையில்லை. எங்கள் யார்க்‌ஷயர் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் அது சரியாக வந்தது ஹெஸ்டர் பிம் ஒருத்திக்குத்தான். "ஹெஸ்டர் தேய்ச்ச சட்டையப் போட்டா டாக்டருக்கே திமிரு வந்துடுது" என்று சலவைக்கூடத்துப் பெண்கள் கேலி செய்வார்கள்.

மாலுமியான அவள் புருஷன் கடலோடு போய்விட்டான். பிள்ளை பெற்ற கையோடு புத்தி பேதலித்து எங்களிடம் நோயாளியாக வந்தாள்; சலவை வேலையில் போட்டோம். கைக்குழந்தையை ஊர்ப் பாதிரியார் வீட்டில் எடுத்து வளர்த்தார்கள். ஒரு வருஷத்துக்குள் ஹெஸ்டருக்குத் தெளிந்துவிட்டது. அதை முதலில் கவனித்தது பெண் நோயாளிகளுக்குப் பொறுப்பான மேட்ரன், நான்தான். அவள் போய்விட்டால் என் சலவைக்கூடம் என்ன ஆகும்? வெளியே அவளுக்குத்தான் யார் இருக்கிறார்கள்?

குணமானவர்களை விடுவிக்க மாஜிஸ்திரேட்டுகள் வருகிற காலையில் அவளிடம் போனேன். "மனசைத் தேத்திக்கோ, ஹெஸ்டர். உன் பொண்ணு ஜுரத்துல போயிட்டா."

இஸ்திரிப் பெட்டியை வீசி எறிந்தாள். சுவரில் தலையை மோதிக்கொண்டாள். வந்தவர்கள் வாசலிலேயே நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். எனக்கும் மனது வலித்தது, மறைக்க மாட்டேன். சாயங்காலம், "தப்பான சேதியாம், அது வேற யாரோ பிள்ளையாம்" என்றேன். என் கையைப் பிடித்து முத்தமிட்டாள்.

அடுத்த முறை மாஜிஸ்திரேட்டுகள் வந்தபோதும், பிள்ளை போய்விட்டாள் என்று அதையே சொன்னேன்.

"போன தடவையும் இப்படித்தானே சொன்னீங்க, மேட்ரனம்மா?"

"அது தப்பு. இது நிஜம்."

அந்தச் சாயங்காலம் நான் திருத்தப் போகவில்லை. திரும்பத் திரும்ப அவளை அலைக்கழிக்க மனம் வரவில்லை. அழுது ஓய்ந்தாள். வேலையில் மட்டும் குறை வைக்கவில்லை.

சில வருஷம் கழித்துப் புதிதாக வந்த டாக்டர், என்னைக் கேட்காமலே குழந்தையை வரவழைத்துவிட்டார். மாஜிஸ்திரேட்டுகளின் மேசைக்கு முன்னால் நீல ரிப்பன் கட்டிக்கொண்டு, அம்மாவின் அதே தாடையோடு நின்றது. ஹெஸ்டர் அதை வெகுநேரம் உற்றுப் பார்த்தாள்.

"அம்மா, என்கூட வீட்டுக்கு வர்றியா?" என்றது குழந்தை.

"இது என் பொண்ணு இல்லீங்க" என்றாள் ஹெஸ்டர். "அவ செத்துட்டா. மேட்ரனம்மாதான் சொன்னாங்க. கேட்டுப் பாருங்க."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் அவள் தோளைத் தொட்டேன்.

"இல்லம்மா ஹெஸ்டர். இது உன் பொண்ணுதான்."

"பொய்" என்று அலறினாள். "எத்தனை தடவ இப்படி மாத்தி மாத்திச் சொல்லுவீங்க?" குழந்தை பயந்துபோய் டாக்டரின் பின்னால் ஒளிந்துகொண்டது. பெற்ற பிள்ளையையே அடையாளம் தெரியாதவளை எப்படி வெளியே விடுவது என்றார் மாஜிஸ்திரேட் ஒருவர். அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கவில்லை.

இன்றுவரை அங்கேதான் இருக்கிறாள். நான் போட்டிருக்கும் இந்தக் காலர்கூட அவள் தேய்த்ததுதான். உங்கள் அறிக்கையில் நீங்கள் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. ஆனால் அன்றைக்கு அந்த அறையில் நான் சொன்னது சத்தியமான உண்மை. அவள்தான் நம்பவில்லை.