இரும்பு நெல்

அரிசியை இரண்டு தண்ணீருக்கு மேல் களைவது எனக்குப் பிடிக்காது. சத்தெல்லாம் கழுநீரோடு போய்விடும். விடுதிச் சமையல்காரரிடம் நான் முதல் நாள் சொன்னதே அதுதான். நீங்கள் முதலிலிருந்து சொல்லச் சொன்னதால் அங்கிருந்தே தொடங்குகிறேன், இன்ஸ்பெக்டர்.

என் மனைவி ஏஞ்சலின் 1991-இல் முதல் பிரசவத்தில் இறந்தாள். ரத்தசோகை. இழப்பதற்கு உடம்பில் ரத்தமே இல்லை என்றார் டாக்டர். மறு வருடத்திலிருந்து ரெட்டியார்சத்திரத்துக்கு அருகே மூன்று ஏக்கரில் ஒரே வேலையைத்தான் செய்துவந்தேன். மண்ணிலுள்ள இரும்பை மணிக்குள் கூடுதலாகச் சேர்க்கும் மரபணு எந்த நெல்லில் இருக்கிறது என்று தேடி, அதை நம் பக்கத்து நெல்லோடு கலந்து, பதினோரு வருடத்தில் ஒரு ரகத்தை எடுத்தேன். தீட்டிய பிறகும் கடை அரிசியைவிட இரண்டு மடங்கு இரும்பு. ஏழைப் பெண்களுக்கு மாத்திரையே வேண்டாம், சோறு போதும் என்று ஆக வேண்டும். அது தவறான ஆசை என்று இன்றும் நான் நினைக்கவில்லை.

2003 ஜூனில் வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையின் பெண்கள் விடுதியில் சோதனைக்கு இடம் கிடைத்தது. தெற்கு அறையில் இருபத்திரண்டு பேருக்கு என் அரிசி. வடக்கு அறையில் இருபத்திரண்டு பேருக்குக் கடை அரிசி. மாதம் ஒருமுறை விரலில் குத்தி ஹீமோகுளோபின் அளவு பார்ப்பேன்.

மூன்று மாதம் கழித்து இரண்டு அறையிலும் அளவு ஒரேபோல ஏறியிருந்தது. காரணம் சகாயசெல்வி, அந்தப் பகுதியின் கிராம செவிலியர். வாரந்தோறும் வந்து எல்லாப் பெண்களுக்கும் இரும்பு மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தார். நல்ல பெண்மணி. அவருடைய மாத்திரையில் என் அரிசி காணாமல் போயிருந்தது.

நிறுத்தச் சொன்னால் ஏனென்று கேட்பார். ஆகவே, "இம்புட்டுத் தூரம் வெயில்ல நீங்க வரணுமா சிஸ்டர்? எங்கிட்ட குடுங்க, நான் பாத்துக் குடுத்துருறேன்" என்றேன்.

"பெரிய உதவி சார்" என்றார்.

தெற்கு அறைக்கு அந்த மாத்திரையையே கொடுத்தேன். வடக்கு அறைக்கு அதே சிவப்பில் வேறொன்று, சுண்ணாம்புச்சத்து. அதனால் உடம்புக்குக் கெடுதல் ஒன்றுமில்லை. சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் சோற்றிலுள்ள இரும்பு உடம்பில் ஒட்டாது. வடக்கு அறைக்கு இரண்டு வேளையும் சாப்பாட்டுக்குப் பின் டீ ஏற்பாடு செய்தேன். அந்தப் பெண்களுக்கு ஏகச் சந்தோஷம்.

அதன் பிறகு அளவுகள் பிரிந்தன. தெற்கு ஏறியது, வடக்கு இறங்கியது.

ஜக்கம்மாள் வடக்கு அறை. எரியோட்டுப் பக்கத்துப் பெண், பத்தொன்பது வயது. மாதாமாதம் ரத்தப்போக்கு அதிகம் என்று முதல் நாளே படிவத்தில் எழுதிக் கொடுத்திருந்தாள். பன்னிரண்டு இருக்க வேண்டியது, செப்டம்பரில் எட்டு. நவம்பரில் ஆறு. ஜனவரியில் நாலரை. தாவணி முனையில் பச்சரிசியை முடிந்து வைத்து மென்றுகொண்டே இருப்பாள். ரத்தம் குறைந்தவர்களுக்கு அப்படி ஓர் ஆசை வரும். குறித்துக்கொண்டேன்.

பொங்கல் கழிந்து ஒரு மத்தியானம் வந்து கதவைப் பிடித்தபடி நின்றாள்.

"சார், நாலு படி ஏறுனா நெஞ்சு படபடங்குது. ஒரு மாசம் ஊருக்குப் போய்ட்டு வாரேன் சார்."

"மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறியா?"

"ஒரு வாரங்கூட விடல சார். நீங்கதான குடுக்குறீங்க."

வடக்கு அறையின் சராசரியை அவ்வளவு கீழே இழுத்ததே அவள்தான். சோதனை மார்ச்சில் முடிகிறது, அதுவரை இருந்துவிட்டுப் போ என்றேன். தலையாட்டினாள். என்மேல் அவளுக்கு மரியாதை உண்டு.

அந்த வாரமே சகாயசெல்வி அவளுடைய கண்ணிமையை இழுத்துப் பார்த்துவிட்டு நேரே என்னிடம் வந்தார். "வெள்ளைத் துணி மாதிரி இருக்கு சார். நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். அவளுக்கு எம்புட்டு இருக்கு?"

ஒன்பது என்றேன். அவருடைய பதிவேட்டில் என் கையாலேயே எழுதியும் கொடுத்தேன்.

"அப்ப எங்கண்ணுதான் கோளாறு போல" என்று சொல்லிவிட்டுப் போனார். அவரைக் குறை சொல்லாதீர்கள்.

பிப்ரவரி நான்காம் தேதி காலை, மில் பஸ்ஸின் படியில் கால் வைத்தவள் அப்படியே சாய்ந்தாள். திண்டுக்கல்லுக்குக் கொண்டுபோய் ரத்தம் ஏற்றுவதற்குள் இதயம் நின்றுவிட்டது. மூன்று புள்ளி எட்டு என்றார் டாக்டர். ஜக்கம்மாளின் அப்பா மலைச்சாமி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார்.

"நீங்க சத்துச் சோறு போடுற எடத்துல இருக்கான்னுதான சார் தைரியமா விட்டிருந்தேன்."

அவரைக் கட்டிலில் உட்காரவைத்துத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். பிறகு அந்த மூன்று புள்ளி எட்டையும் குறித்துக்கொண்டேன்.

ஜக்கம்மாளின் பெட்டியில் மிச்சமிருந்த சுண்ணாம்புச்சத்து மாத்திரையைச் சகாயசெல்வி உங்களிடம் கொண்டுவந்து கொடுத்தது சரிதான். நான் மறுக்கவில்லை. அவளுக்கு நாலரை என்று தெரிந்துதான் ஒன்பது என்றேன். ஆஸ்பத்திரிக்குப் போனால் ரத்தம் ஏற்றுவார்கள், பிழைத்துவிடுவாள், வடக்கு அறையின் கணக்கும் ஏறிவிடும் என்பதும் தெரியும். அதற்காகத்தான் போகவிடவில்லை.

வடக்கு அறையில் இன்னும் மூன்று பேர் ஆறுக்குக் கீழே இருக்கிறார்கள். அவர்கள் பெயரைக் கேட்கிறீர்கள். தருகிறேன், கடைசி ரத்தம் எடுத்து முடிந்ததும். மார்ச் பன்னிரண்டாம் தேதி, இன்னும் நான்கே வாரம். இப்போது அவர்களுக்கு மருந்து கொடுத்துவிட்டால் ஜக்கம்மாள் செத்ததற்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும்.