மீட்டர் தொங்குற இடம்

…உன் மனுவுல ஒரு கையெழுத்துதானே, போடாம எங்க ஓடிடப்போறேன்? மொதல்ல உக்காரு. அந்த டேப் ரோலத் தள்ளிட்டு உக்காரும்மா. ஹூம்… இதுக்குப் பேரு பேக்கிங் ஷெட்டாம்! தகரத்தப் போட்டு மூடி, உள்ள எட்டுப் பேர அடைச்சு, கழுத்துவரைக்கும் பட்டன் போட்ட நீலக் கோட்டு வேற! பார்சல் ஒட்டுறவளுக்கு எதுக்குக் கோட்டு? அட்டப்பெட்டி எழுந்து நின்னு வணக்கம் சொல்லப்போகுதா?

ஐயோ, உன்னச் சொல்லல. நீ கழட்டினது நியாயம்தான். நான்தான் பாத்துக்கிட்டே இருந்தேனே… உனக்குக் கண்ணு சொருகுது, கை பாட்டுக்கு டேப்ப இழுக்குது. கழட்டி அந்தப் பெட்டி மேல போட்ட. அஞ்சு நிமிஷம் இருக்குமா? அதுக்குள்ள மெமோ! இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள பதில் தரலன்னா வேல கிடையாதாம். எழுதினவரு யாரு? நம்ம மேனேஜர். அந்த உடம்புல வேர்வைன்னு ஒண்ணு வந்து எத்தன வருஷமாச்சோ!

கேட்டா, "சட்டம் எல்லாருக்கும் ஒண்ணு"ங்கறாரு. ஒண்ணுதான், யாரு இல்லன்னா? முப்பத்தஞ்சு டிகிரியத் தாண்டினா யாரு வேணாலும் கோட்டக் கழட்டலாம். நல்ல சட்டம்! ஆனா சூட்டக் காட்டுற மீட்டர் எங்க தொங்குது? முன்னாடி கவுண்டர்ல, ஏசிக்கு நேர் கீழ! அது இருபத்துமூணத் தாண்டி நான் பாத்ததே இல்ல. எங்க வீட்டுக்காரர் மாதிரி, ஊரே பத்தி எரிஞ்சாலும் சில்லுனு உக்காந்திருக்கும். நேத்து குழாயில தண்ணி வரலன்னு தொண்ட கிழியக் கத்துறேன், "வரும்"ங்கறாரு. வருமாம்! மோட்டரப் போடாம எங்கேர்ந்து வரும்? சரி, அத விடு…

என்ன கேட்ட? மீட்டர் முன்ன இங்கதான் இருந்துச்சா? யாரு சொன்னா உனக்கு? …ஆமா, இருந்துச்சு. அந்தத் தூணுல. ஆணி இன்னும் அப்படியே இருக்கு பாரு. அப்ப நான் கவுண்டர்ல உக்காந்திருந்தேன், பத்து வருஷம்! ஏசிக் காத்து நேரா பிடரியில வந்து அடிக்கும். கோட்டுக்கு மேல சால்வையப் போத்திக்கிட்டு நான் வெடவெடன்னு நடுங்கிட்டிருப்பேன். இங்கேர்ந்து ஒவ்வொருத்தியும் கோட்டக் கழட்டித் தோள்ல போட்டுக்கிட்டு மகாராணி மாதிரி வருவாளுங்க. எனக்கு எப்படி இருக்கும், நீயே சொல்லு? வயித்தெரிச்சல்தான், இல்லன்னு சொல்லல. அதான்… ஒரு லெட்டர் எழுதினேன். மீட்டர் ஷெட்டுத் தூசியில கெட்டுப்போகுது, கவுண்டர்ல மாட்டுங்க, அங்க காட்டுறதயே எல்லாருக்கும் வச்சுக்கலாம், அப்பத்தான் சமநியாயம்னு. மேனேஜருக்கு ஒரே சந்தோஷம்! அன்னிக்கே ஆள விட்டு மாட்டிட்டாரு. போன மாசம் என்னையே தூக்கி இங்க போட்டாரு பாரு, நன்றி கெட்ட மனுஷன்!

இப்ப மீட்டர ஷெட்டுல மாட்டணும்னு கேக்குற உன் மனுவுல நான் கையெழுத்துப் போட்டேன்னு வை. பழைய ஃபைலப் பிரிப்பாரு. "நீங்க கேட்டுத்தானே மாட்டினேன்"னு எல்லார் முன்னாடியும் படிப்பாரு. அப்புறம் இவளுங்க என்னச் சும்மா விடுவாளுங்களா? பெட்டிக்குள்ள வச்சு டேப் ஒட்டி அனுப்பிடுவாளுங்க! அதுக்குத்தாம்மா யோசிக்கிறேன். உன் வேலயும் முக்கியந்தான்… ஆனா என் மானம்னு ஒண்ணு இருக்குல்ல?

ஏன் எழுந்திரிக்கிற? பேனா இந்தா… என்னது, கையெழுத்தே வேணாமா? ஃபைல்லேர்ந்து அந்த லெட்டர எடுத்துக் காட்டச் சொன்னாலே போதுமா? ஷெட்டு மீட்டர ஏசிக்குக் கீழ மாத்தினதுக்கு அதவிட வேற சாட்சி வேணாமா? ஏய், நில்லு! ஏதோ வாய் தவறிச் சொல்லிட்டேன்… அடியே! …திரும்பியே பாக்கல. நேரா மேனேஜர் ரூமுக்குத்தான் போறா.

போ, போ! போறதுதான் போற, அந்த மீட்டரயும் கையோட கழட்டிட்டு வா! இங்க, என் தலைக்கு நேர் மேலயே மாட்டு!