மூன்று நாள் சாம்பல்

"வீட்டுக்குள்ளயே இருக்கியே பாமா, உனக்குப் பொழுது எப்படிப் போகுது?" என்று ராதா அக்கா ஒருமுறை கேட்டார். பெங்களூர் தொம்மலூரில் எங்கள் வரிசை வீடுகளில் அடுத்த வாசல் அவருடையது. நல்ல மனசோடு கேட்டதுதான். நான் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டேன். வாயைத் திறந்து பதில் சொல்வது எனக்கு எப்போதும் பெரிய வேலை. ஒன்பதாம் வகுப்பில் எழுந்து நின்று பாடத்தைப் படி என்றார்கள். நின்றேன், படிக்கவில்லை. நாலைந்து நாள் அப்படி நின்ற பிறகு பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டேன்.

என் பொழுது வீட்டுக்குப் பின்னாலிருந்த காலி மனையில் போனது. எருக்கஞ்செடி, முழங்கால் உயரப் புல், நடுவில் ஒரு புற்று. புற்றில் ஒரு நாகம். மழை விட்டு வெயில் வந்தால் வெளியே வந்து படுத்துக்கொள்ளும். நான் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். அது என்னை எதுவும் கேட்டதில்லை. இரண்டு வருடம் அப்படிப் போயிற்று. வேறு யாருக்கும் தெரியாது.

தொண்ணூற்றேழு ஜூன் மாதம் ராதா அக்காவின் கணவர் உத்தமன் அதைப் பார்த்துவிட்டார். அவர்களுக்கு ஒரே பெண், தர்ஷினி, ஐந்து வயது. அன்றைக்கே ஒரு கேன் மண்ணெண்ணெயோடு வந்து நின்றார், ஊற்றிக் கொளுத்திவிடலாம் என்று. வீட்டுக்கார லட்சுமம்மா ஓடி வந்து, கன்னடம் கலந்த தமிழில் தடுத்தார்.

"பேடப்பா, பேட, வேணாம். நாகப்பனைச் சுட்டா ஏழு தலைமுறைக்குத் தோஷம்."

"உங்க நாகப்பன் என் பொண்ணைக் கடிச்சா நீங்களா ஆன்ட்டி வந்து பதில் சொல்லுவீங்க?"

"கேளு இல்லி, இங்க பாரு. மூணு நாள் புத்தைச் சுத்தி சாம்பல் போடு. தடம் விழலேன்னா அது போயிடுச்சுன்னு அர்த்தம். எங்க அம்மா காலத்திலேர்ந்து இப்படித்தான். தடம் விழுந்தா நீ என்ன வேணாலும் பண்ணு, நான் கேக்கமாட்டேன்."

"பாம்புக்கு அட்டெண்டன்ஸ் எடுக்கச் சொல்றீங்க" என்றார் உத்தமன். எல்லோரும் சிரித்தார்கள். ஆனாலும் ஒத்துக்கொண்டார். தோஷம் என்றால் யாருக்கும் கொஞ்சம் பயம் இருக்கத்தான் செய்கிறது.

லட்சுமம்மா வீட்டில் குளிக்க வெந்நீர் போடும் ஹண்டே அடுப்பைத் தினமும் மூட்டுவதும் சாம்பல் அள்ளுவதும் என் வேலை. அதனால் சாம்பல் போடும் பொறுப்பை என்னிடமே கொடுத்தார்கள். சல்லடையில் சலித்து, கோலமாவு மாதிரி மெல்லிசாகத் தூவினேன். மூன்று நாளும் விடியும்போது குழாய்க்குத் தண்ணீர் பிடிக்கப் போகிற சாக்கில் முதலில் அங்கே போனேன். மூன்று நாளும் தடம் இருந்தது, நீர் ஓடின கோடு மாதிரி, வளைந்து வளைந்து. கையால் தடவிவிட்டு மேலே புதுச் சாம்பல் தூவினேன். எட்டு மணிக்கு உத்தமன் வந்து குனிந்து பார்த்தார். மூன்றாம் நாள் மண்ணெண்ணெயை ஸ்டவ்வில் ஊற்றச் சொல்லி ராதா அக்காவிடம் கொடுத்துவிட்டார். பிள்ளைகளை மனையில் விளையாட விட்டார்கள்.

அந்த மாதங்களில் நாகம் புற்றை விட்டு வெளியே வருவது குறைந்துபோனது. வந்தாலும் உடனே திரும்பிவிடும். உள்ளே முட்டை இருக்கிறது என்று புரிந்துகொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் சந்தோஷமாக இருந்தது.

ஆகஸ்டில் நாகபஞ்சமி வந்தது. பாம்பில்லாத புற்று என்று ஊரே நம்பியதால் பெண்கள் தைரியமாக நெருங்கிப் போய்ப் பால் ஊற்றினார்கள், பொரி போட்டார்கள், சிவப்புக் கண்ணாடி வளையல் வைத்தார்கள். மறுநாள் மூன்று மணி இருக்கும், தர்ஷினி அந்த வளையலை எடுக்கப் போனாள். ஒரு வளையல் புற்றின் துளைக்குள் உருண்டுவிட்டது, எடுக்கக் கையை நுழைத்தாள். நான் கல்லில் இருந்தேன், இருபதடி தூரம். கூப்பிட்டிருக்கலாம். எனக்குச் சத்தமாகக் கூப்பிட்டுப் பழக்கமில்லை. நாகம் படம் எடுத்துச் சீறும், குழந்தை பயந்து ஓடிவிடும் என்றுதான் நினைத்தேன். அது சீறவில்லை. முட்டைக்குப் பக்கத்தில் கை வந்தால் எது பொறுக்கும்?

அழுகைக்கு ராதா அக்கா ஓடி வந்தார். பிள்ளையின் கையில் இரண்டு பொட்டு ரத்தம். "என்னடி கடிச்சுது? பாமா, நீ பாத்தியா?"

அன்று என் வாய் திறந்தது. "எலி அக்கா" என்றேன். "பொரி தின்ன வந்துச்சு."

ஒருநாளும் பேசாத பெண் சொன்னதால் நம்பினார்கள் என்று நினைக்கிறேன். தெருமுனை டாக்டரிடம் அவர்கள் எலி என்றார்கள். புண்ணைக் கழுவி, ஊசி போட்டு அனுப்பிவிட்டார். ஐந்து மணிக்குத் தர்ஷினிக்குக் கண் சொருகியது. அழுது களைத்துத் தூங்குகிறாள் என்று ராதா அக்கா மடியில் போட்டுக்கொண்டார். அது தூக்கம் இல்லை என்று எனக்குத் தெரியும். நான் எங்கள் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். அப்போது சொல்லியிருந்தாலும் நேரம் இருந்தது. சொன்னால் கேன் வரும், முட்டையோடு கொளுத்துவார்கள். எச்சில் விழுங்க முடியாமல் போன பிறகுதான் ஆட்டோ பிடித்தார்கள். பெரிய ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது குழந்தைக்கு உயிர் இல்லை.

எட்டாம் நாள் உத்தமன் மனை முழுக்க எலி மருந்து வைத்தார். மருந்து தின்ற எலியை நாகம் தின்றுவிடக் கூடாதே என்று விடியற்காலையில் எல்லாவற்றையும் பொறுக்கிச் சாக்கடையில் போட்டேன். அந்த வாரம் குட்டிகள் வெளியே வந்தன. பதினொன்று. ஒவ்வொன்றும் என் சுண்டுவிரல் பருமன்கூட இல்லை, அதற்குள் படம் எடுக்கத் தெரிந்திருந்தது. பார்த்துக்கொண்டிருந்தபோது உடம்பெல்லாம் அசதியாக இருந்தது. காவல் வேலை முடிந்த மாதிரி.

மாதக் கடைசியில் அவர்கள் வீட்டைக் காலி செய்தார்கள். சாமான் வண்டி போன பிறகு ராதா அக்கா பின்பக்கம் வந்தார். ரொம்பவும் இளைத்திருந்தார். கொஞ்ச நேரம் புற்றைப் பார்த்துவிட்டுக் கேட்டார். "பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் அன்னிக்கே சந்தேகமா பேசினாரு. அது எலிதானே பாமா?"

இனிக் கொளுத்த வருவதற்கு அவர்கள் வீட்டில் ஆள் இல்லை. பொய் சொல்லவும் எனக்குப் பிடிக்காது.

"எலி இல்லக்கா. நாகம். சாம்பல்ல தடம் இருந்துச்சு, நான்தான் அழிச்சேன். உள்ள முட்டை இருந்துச்சுக்கா."

அவருக்குப் புரியும் என்று நினைத்தேன். அவரும் தாய்தானே. அவர் கழற்றிவிட்ட செருப்பைக்கூட மாட்டிக்கொள்ளாமல், மனைக்குள் இறங்கிப் புல்லில் நடந்தார். குட்டிகள் ஒன்றிரண்டு இன்னும் அங்கேதான் இருந்தன. மிதித்துவிடப் போகிறாரே என்று அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மனையைத் தாண்டித் தெருவுக்குப் போய்விட்டார்.