பதினான்கு மில்லிமீட்டர்

என் பெயர் நெலிதா பெர்கோவிச். வயது 57. பரானா ஆற்றங்கரையில் சான் எலாடியோ ஊரில், ஆலமோஸ் தெரு 418ஆம் எண் வீட்டில் குடியிருக்கிறேன். இங்குள்ள அணுமின் நிலையத்தில் குழாய்களின் வலுவைக் கணக்கிடும் பொறியாளராக இருபத்தாறு வருடமாக வேலை பார்க்கிறேன். வெல்டர் செஃபெரினோ மைதானா மீதான வழக்கில், யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் இதைச் சொல்கிறேன்.

நீராவிக் குழாய் சூடேறினால் நீண்டு பக்கவாட்டில் நகரும். அதற்காக ஏழாம் எண் தாங்கிக்கும் குழாய்க்கும் நடுவே பதினான்கு மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும் என்று வரைபடத்தில் போட்டவள் நான். கடந்த மார்ச் 9ஆம் தேதி காலை நிலைய மேலாளர் ஒல்மெடோ அதைப் பார்த்து, "என்னங்க இது, பொக்கை வாய் மாதிரி? வியாழக்கிழமை மந்திரி வர்றார். தகடு வச்சு அடைங்க" என்றார். நான் அதை அப்படியே சொல்லி அனுப்பியதும், செஃபெரினோ மாத்தே தேநீர்க் குவளையோடு என் அறைக்கு வந்து, "இஞ்சினியரம்மா, நீங்க விடச் சொன்ன இடைவெளியை நீங்களே அடைக்கச் சொல்றீங்களா? எழுதிக் குடுங்க, அப்பத்தான் கை வைப்பேன்" என்றான். "குழாய் ஆறித்தானேப்பா கெடக்கு. மந்திரி போனதும் பிச்சிடலாம். கணக்கை என்கிட்ட விடு" என்று சொல்லி, எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். ஒல்மெடோவோடு மல்லுக்கு நிற்க எனக்குத் தெம்பில்லை.

11ஆம் தேதி மந்திரி வந்தார், போட்டோ எடுத்துக்கொண்டார். திங்கட்கிழமை சூடேற்ற வேண்டிய நிலையத்தை, அவர் முகம் மலர வேண்டும் என்று அன்று மதியமே சூடேற்றினார்கள். அதன் பிறகு இறைச்சி விருந்து நடந்தது. தகடு என் நினைவுக்கு வரவில்லை. செஃபெரினோவுக்கு வந்தது. மேசைமேல் என் ஃபோன் மூன்று முறை அடித்தது, அவன் பெயரைப் பார்த்தும் நான் எடுக்கவில்லை. அதன் பிறகு அவன் தானே தாங்கியைப் பார்க்கப் போனபோது, நகர வழியில்லாத குழாய் வளைவில் கிழிந்து, நீராவி அவனுடைய இரண்டு கைகளையும் வேகவைத்தது.

வெல்டிங் விட்டுப்போனதே காரணம், அது செஃபெரினோவின் அலட்சியம் என்று நிர்வாகம் அறிக்கை கொடுத்தது. 16ஆம் தேதி நான் நேரில் போய்ப் பார்த்தேன். கிழிந்த வளைவில் வெல்டிங்கே கிடையாது. அவன் வைத்த தகடு இம்மியும் அசையவில்லை. அவன் ஏனோதானோ என்று பற்றவைத்திருந்தால் தகடு பிய்ந்து விழுந்திருக்கும், குழாய் நகர்ந்திருக்கும், கைகள் தப்பியிருக்கும்.

அன்று மாலை மருத்துவமனையில் அவன் என்னைத் திட்டவில்லை. "இஞ்சினியரம்மா, என் வெல்டு நின்னுச்சா?" என்று மட்டும் கேட்டான். நின்றது என்றேன்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் உண்மை. செஃபெரினோ கேட்டு வாங்கிய தாளின் நகலை இத்துடன் கொடுத்திருக்கிறேன். அதில் இருப்பதும் கீழே இருப்பதும் என் கையெழுத்து. அவனுடைய வாக்குமூலத்தில் கையெழுத்தும் கிடையாது, கைரேகையும் கிடையாது.

(ஒப்பம்) நெலிதா பெர்கோவிச்