கூரையும் ஆடும்

— மடு மாதா அறியச் சொல்லுறன், பிள்ளை. இனி நான் சொல்லப்போறதிலை ஒரு சொல்லு பொய்யெண்டால் இந்த நாக்கு இப்பவே இழுத்துக்கொள்ளட்டும்.

— ஐயோ அண்ணை, நான் சத்தியம் கேக்கேல்லை. ஒரு கையெழுத்துத்தான் கேட்டனான்.

— கையெழுத்து எங்கையும் ஓடிப்போகாது. தேத்தண்ணியைக் குடியுங்கோ இமெல்டா. கொலோனிலையிருந்து பீலெஃபெல்டுக்கு ரெண்டு மணித்தியாலம் ரயிலிலை இருந்து வந்தனீங்கள்... வடையும் கிடக்கு. வெள்ளிக்கிழமை, மீன் இறைச்சியெண்டு மச்சமில்லை.

— தவக்காலமெல்லோ அண்ணை, நானும் மச்சம் தொடுறேல்லை. ஆனால் அஞ்சு மணிக்கு முன்னம் ஃபாக்ஸ் போகோணும். இப்ப மூண்டே முக்கால். போகாட்டி பெந்தெகொஸ்தேப் போட்டியிலை எங்கட பிள்ளையளின்ரை பேரில்லை.

— என்ன போட்டி உது? மேளம் அடிக்கிறதோ?

— உங்களுக்குமோ பகிடி! ட்ரம் கோர் அண்ணை. மேளமும் எக்காளமும் கொடியுமாப் புட்போல் மைதானத்திலை கோலம் கோலமா நடந்து வாசிக்கிறது. அந்தப் போட்டிக்குப் புள்ளி, மாக்ஸ் போட்ட ஒரே தமிழர் பீலெஃபெல்டிலை இருக்கிறாரெண்டுதானே வந்தனான்.

— மாக்ஸ் போட்டது யாகோப்பு.

— அதுதானே சொல்லுறன், யாகோப்பு அண்ணை எண்டு. கீழை பெல்லடியிலை மூண்டு வீட்டுக்காரற்றை பேர் எழுதிக் கிடந்தது, மழைக்கு ஒண்டும் வாசிக்கேலாது. நல்லகாலம், முதல் அமத்தின பெல்லுக்கே நீங்கள் வந்து திறந்தியள்.

— நல்லகாலந்தான்... எத்தினை பிள்ளையள்?

— இருவத்திரண்டு. தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையள். மார்கழிக் குளிருக்குள்ளை கார் நிப்பாட்டுற இடத்திலை நிண்டு பழகினதுகள். விதி என்னெண்டால், காட்சியை அமைச்ச ஆளெண்டு அனுபவமுள்ள ஒராள் கையெழுத்துப் போடோணும். இல்லாட்டி மைதானத்துக்குள்ளை கால் வைக்கேலாது.

— அப்ப அனுபவம் எப்பிடிப்பட்டதெண்டு தெரிஞ்சுகொண்டு கையெழுத்தை வாங்குங்கோ. தொண்ணூற்றி மூண்டாம் ஆண்டு. யாகோப்பன் அப்ப உடுப்புத் தோய்க்கிற மிசின் செய்யிற ஒரு தொழிற்சாலையிலை வேலை...

— என்ன அண்ணை, உங்களையே 'யாகோப்பன்' எண்டு...

— கதையெண்டால் அப்பிடித்தான் பிள்ளை. 'நான்' எண்டு தொடங்கினால் பெருமை வந்து ஏறும். பெருமைக்குப் பின்னாலை பொய் வரும். சத்தியம் வேறை பண்ணிப்போட்டன்... மிசினுக்குள்ளை சுத்துற பானை இருக்கெல்லோ, அதுக்கு ஜெர்மன்காரன் என்ன சொல்லுவான்?

— டிரொம்மல்.

— மேளத்துக்கு?

— அதுவும் டிரொம்... ஐயோ! அப்பிடியோ விசயம்?

— பொறுங்கோ. யாகோப்பன்ரை வேலை, ஒவ்வொரு பானையையும் கையாலை சுத்திவிட்டு, காதை வைச்சுக் கேட்டு, ஆடுதோ ஆடேல்லையோ எண்டு சொல்லுறது. வேலைக்குப் பேர் டிரொம்மல் ப்ரூஃபர். மேளம் சோதிக்கிறவர்! ஒருநாள் தபால்பெட்டிக்குள்ளை ஒரு படிவம் கிடந்தது. விழாவுக்குச் சொசேஜ் பிரட்ட உதவியாள் தேவையாம். யாகோப்பன் நிரப்பினான். 'என்ன தொழில்' எண்ட இடத்திலை...

— மேளம் சோதிக்கிறவர் எண்டு எழுதிப்போட்டியள்!

— உள்ளதைத்தானே எழுதினான்? ரெண்டு கிழமையாலை கடிதம் வருது, 'மதிப்புக்குரிய ஹெர் யாகோப்பு' எண்டு. கூடவே கைப்பட்டி ஒண்டு, தொப்பி ஒண்டு, பேசிப் பதியிற சின்ன ரேடியோப்பெட்டி ஒண்டு. நடுவராம்!

— பிழையெண்டு சொல்லியிருக்கலாமே அண்ணை...

— ஆறு வருசமா இந்த நாட்டிலை 'ஏய், நீ' எண்டு கூப்பிட்ட ஆளை ஒருத்தன் 'மதிப்புக்குரிய' எண்டு எழுதினால், பிழையெண்டு நீங்கள் திருப்பி அனுப்புவியளோ?

— ... மாட்டன்.

— அவனும் அனுப்பேல்லை. போட்டிக்கு முதல் நாள் கூட்டம். ஒரு கோர், வாசிக்கிற ஆக்கள் நாப்பது. பழக்கிற ஆக்கள் எத்தினை பேர், சொல்லுங்கோ?

— நாலு... அஞ்சு?

— பத்தொன்பது! மேளத்துக்கு மூண்டு பேர். எக்காளத்துக்கு நாலு. கொடிக்கு ரெண்டு. முன்னாலை நடக்கப் பழக்க ஒருத்தன், பின்னாலை நடக்கப் பழக்க இன்னொருத்தன், ரெண்டு பேரும் ஆளோடை ஆள் கதைக்கிறேல்லை. முகத்தை எப்பிடி வைச்சிருக்கிறது எண்டு சொல்லிக் குடுக்க ஒரு மனிசி.

— தண்ணி குடுக்க ஆளில்லையோ?

— இருக்கு. அவருக்குக் கீழை உதவிக்கு ரெண்டு பேர்.

— எங்கட கோருக்கு நான் ஒருத்தி. எமில் வான் ஓடுவார். அவ்வளவுதான்.

— எமில் ஆர்?

— என்ரை மனிசன்... சரி சரி, சொல்லுங்கோ. மைதானத்துக்குள்ளை இறங்கினியளோ?

— இறங்கினான். நடுவர் மேளக்காரருக்கு நடுவாலை ஓடி ஓடி, தான் கேக்கிறதை அந்தப் பெட்டிக்குள்ளை பேசிப் பதியோணுமாம். பிறகு கோர்க்காரர் அந்தக் கசெட்டைப் போட்டுக் கேட்டுத் திருந்துவினமாம். யாகோப்பனுக்கு மேளத்தைப் பற்றி என்ன தெரியும்? தொழிற்சாலையிலை செய்யிற மாதிரியே செய்தான். காதை வைச்சுக் கேட்டான். ஒரு பெடியன்ரை மேளத்தைப் பிடிச்சு ஒரு சுத்துச் சுத்திப் பாத்தான்...

— ஐயையோ! பெடியன்?

— பெடியனும் சேந்து சுத்தினான். மேளத்தோடை பட்டியாலை கட்டியெல்லோ கிடந்தவன். பாத்துக்கொண்டிருந்த சனம் எழும்பி நிண்டு கைதட்டினது. நல்ல அமைப்பாம்!

— அண்ணை, இதுகும் சத்தியமோ?

— நாக்கு இருக்கோ இல்லையோ எண்டு நீங்களே பாருங்கோ... மாக்ஸும் அப்பிடித்தான். ஒழுகேல்லை, அதிரேல்லை, நல்லாச் சுத்துது எண்டு பதினேழு தசம் மூண்டு போட்டான். பக்கத்திலை நிண்ட நடுவர் இருவது வருச அனுபவம். அவர் எவ்வளவு போட்டிருப்பார்?

— எவ்வளவு?

— பதினேழு தசம் மூண்டு.

— பொய்!

— அண்டையிலையிருந்து அந்த மனிசன் யாகோப்பனைக் கண்டால் தொப்பியைத் தூக்குவார். திங்கட்கிழமை தொழிற்சாலையிலை போர்மன் வந்து 'ஏய், நீ' எண்டார். அது வேறை கதை.

— அண்ணை... அந்தக் கசெட்டிலை என்ன பேசினனீங்கள்? ஞாபகம் இருக்கோ?

— ஏன் பிள்ளை முகம் வெளிறுது? வடை காரமோ?

— இல்லை இல்லை. சும்மா கேட்டனான்.

— பன்னிரண்டு நிமிசத்திலை யாகோப்பன் வாய் திறந்தது ஒரே ஒருக்காத்தான். அதுகும் தமிழிலை. அதைப் பிறகு சொல்லுறன். தொண்ணூற்றி அஞ்சிலை அதே கோர் முதலாமிடம் எடுத்த காட்சியைப் பாத்தனீங்களோ?

— ... ஓம். பாத்தனான்.

— மைதானத்துக்கு நடுவிலை எட்டுக் கம்பத்திலை ஒரு பெரிய கூரை. அதுக்குக் கீழை ஒருத்தன் ஆட்டுத்தோல் போத்து நாலு காலிலை நிக்கிறான். மேளம் முழங்க முழங்க ஆட்டைக் கூரைக்கு வெளியிலை கலைக்கினம். ஆடு திரும்பிப் பாக்குது. எக்காளம் அழுகுது. கொடி பிடிச்ச பெட்டையள் விழுந்து எழும்பீனம்...

— நடுவர் மேசையிலை ரெண்டு பேர் கண்ணைத் துடைச்சவை.

— தொண்ணூற்றி நாலு தசம் ஆறு! பேப்பரிலை வந்தது: 'வீடிழந்த மனிதனின் கதை. இலங்கை நடுவர் ஒருவரின் ஆழ்ந்த வாசகத்திலிருந்து பிறந்தது.' யாகோப்பன் அந்தப் பேப்பரை வெட்டி வைச்சுக்கொண்டு ஒரு கிழமை நித்திரையில்லாமல் யோசிச்சான், தான் எப்பவடா ஆட்டைப் பற்றிச் சொன்னன் எண்டு.

— யாகோப்பு அண்ணை...

— சொல்லுங்கோ.

— நான் கையெழுத்துக்கு மட்டும் வரேல்லை.

— அது தேத்தண்ணி ஆறின விதத்திலையே தெரிஞ்சுது.

— அந்தக் கசெட்டை ஜெர்மனுக்கு மாத்திக் குடுத்தது நான்தான்.

— அப்பிடியோ!

— அந்தக் கோரின்ரை தலைவி கொலோன் தமிழ்ச் சங்கத்திலை விசாரிச்சு எங்கட குசினிக்கே வந்திட்டா. கொப்பியை விரிச்சு, பேனையைத் திறந்து வைச்சுக்கொண்டு முன்னாலை இருக்கிறா. கசெட்டைப் போட்டால் மேளம், மேளம், ஒரே மேளம். பதினோராவது நிமிசத்திலை ஒரு குரல்: 'கூரையும் ஆடும்.' அவ்வளவுதான். முடிஞ்சுது.

— நீங்கள் என்ன சொன்னியள்?

— 'ஒரு கூரை, ஒரு ஆடு' எண்டன்.

— க்கும்... க்கும்...

— சிரிக்காதேங்கோ அண்ணை!

— நான் எங்கை சிரிச்சனான்? வடை புரைக்கேறிட்டுது. மேளச் சத்தத்துக்குப் பாத்துக்கொண்டிருக்கிற ஆக்களுக்கு மேலை இருந்த தகரம் நடுங்கினது பிள்ளை! அதைப் பாத்துப் பயந்து யாகோப்பன் சொன்னது, இந்த அடிக்குக் கூரையும் ஆடும் எண்டு!

— இப்ப விளங்குது! அப்ப விளங்கேல்லையே! ஒரு வருசத்துக்குப் பிறகு வீட்டடியாலை ஒரு பெரிய லொறி போச்சுது. எமில் சொன்னார், 'உந்த லொறி போனால் வீடும் ஆடும்' எண்டு. கையிலையிருந்த கோப்பையை அப்பிடியே போட்டு உடைச்சன்.

— சரி, ரெண்டு சொல்லைப் பிழையா மாத்தினது ஒரு குற்றமோ?

— ரெண்டு சொல்லோடை விட்டனானோ... அந்த மனிசி 'இவ்வளவுதானோ' எண்டு பாத்தா. எங்கட ஆள் ஒருத்தர், பன்னிரண்டு நிமிசம் ஓடி, ரெண்டு சொல்லோ சொன்னவர் எண்டு எனக்கு ஒரு மாதிரிப் போச்சுது. கூரையெண்டால் இழந்த வீடு எண்டன். ஆடெண்டால் விட்டிட்டு வந்த உயிர் எண்டன். அவ எழுதிக்கொண்டே போறா. நிப்பாட்டேலாமல் போச்சுது. நாலு பக்கம்.

— நாலு பக்கம்! அப்ப காட்சியை அமைச்சது...

— நான்தான். ஆனால் என்ரை பேர் ஆருக்குத் தெரியும்? முதலாமிடம் எடுத்த சந்தோசத்திலை தங்கட பழைய மேளம் இருவத்திரண்டையும் எங்களுக்கே தந்திட்டினம். அதைத்தான் பிள்ளையள் அடிக்கிறதுகள். விசயம் வெளியிலை வந்தால் மேளமும் போச்சு, மானமும் போச்சு. அந்தக் குரலுக்கு உடைய ஆள் வாய் திறந்தால் முடிஞ்சுது. அதுதான்... உங்களை ஒருக்காப் பாத்து...

— வாயை மூட வந்தனீங்கள்.

— ஓம் அண்ணை. கும்பிட்டுக் கேக்கிறன். இது உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரிஞ்ச விசயமா இருக்கட்டும்.

— யாகோப்பனுக்கும் சொல்லக்கூடாதோ?

— பகிடி விடாதேங்கோ! மணி நாலரை. இந்தாங்கோ பேனை.

— ஒண்டு கேக்கிறன். இந்த முறை உங்கட காட்சியிலை என்ன வருது?

— ... ஆடு திரும்பி வருது.

— கூரைக்குக் கீழையோ?

— கூரை இன்னும் கட்டி முடியேல்லை. எமில் கம்பம் தேடித் திரியிறார். போடுங்கோ அண்ணை, இஞ்சை, இந்தக் கோட்டிலை.

— என்ரை பேரையோ போடோணும்?

— வேறை ஆற்றை பேரை? உங்கட பேரைத்தான்.

— எனக்குத் தமிழிலைதான் கை வரும்.

— தமிழிலையே போடுங்கோ. அவையளுக்கு என்ன விளங்கப்போகுது?

— அதுகும் சரிதான். ஆடும் கூரையும் விளங்கின சனம்... இந்தாங்கோ.

— பெரிய உபகாரம் அண்ணை! கீழை மூலைக்கடையிலை ஃபாக்ஸ் இருக்கெண்டு பாத்து வைச்சனான். இருவத்திரண்டு பிள்ளையளும் உங்களை... அண்ணை... இது... க... தி... இஞ்சை என்ன எழுதிக் கிடக்கு?

— கதிர்காமநாதன். என்ரை பேர்தான் பிள்ளை, நாங்கள் நல்லூர்ப் பக்கத்துச் சைவ ஆக்கள், மடு மாதாவையும் கும்பிடுறனாங்கள். யாகோப்பர் மேல்மாடி, வேலையாலை வர ஆறு மணியாகும்.