துடுப்பில்லாத மீன்

— கையை எடு ரூஃபோ. கத்தி அலகு மேல விரல் பட்டா எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டும், முத்திரை ஒழுங்கா விழாது.

— விழவே வேணாம்னுதானே இவ்வளவு நேரமா கெஞ்சுறேன் லிகாயா! இந்த ஒரு கத்தியை மட்டும் மொட்டையா அனுப்பிடு. நாளைக்குக் கல்யாணம்டி எனக்கு!

— தெரியும் என் ராசா. உன் கல்யாணப் பன்றியை வெட்டத்தானே இந்தக் கத்தி. பொண்ணு அரசெலியே குடுத்த ஆர்டர். என் பட்டறையிலேர்ந்து முத்திரை இல்லாம ஒரு கத்தியும் படி தாண்டுனதில்ல.

— தால் ஊரு முழுக்கக் கத்திக்காரன். அத்தனை பேரையும் விட்டுட்டு அரசெலி உன்கிட்டயா வந்து நிக்கணும்?

— நல்ல கத்தி வேணும்னு வந்திருப்பா. மாப்பிள்ளைதான் நல்லதா அமையல.

— வெளையாடாத. சட்டையைக் கழட்டிக் காட்டவா?

— வேணாம்ப்பா, இப்பத்தான் சாப்பிட்டேன்.

— என் தோள்ல இருக்கறது உன் மீன்டி! உன் முத்திரை! பச்சை குத்திட்டு வந்து காட்டுனப்போ நீயே அழுத.

— அழுதேன்தான். ஆசையில அழுதேன். அப்புறம் நீ அந்தச் சோடாக்கடைக்காரி பின்னாடி போனப்போ சிரிச்சேன். என் கம்பெனி முத்திரையோட அடுத்தவ வாசல்ல போய் நிக்குறானேன்னு. சரி, அரசெலிகிட்ட என்ன கதை விட்டிருக்க?

— எங்க தாத்தா ஏரியில மீன் பிடிச்சவரு, அவரு ஞாபகமா குத்திக்கிட்டேன்னு.

— உங்க தாத்தாவா? அந்த மனுஷன் சீட்டுக்கட்டைத் தவிர எதையும் பிடிச்சதில்லையே!

— அவளுக்கு அது தெரியாதே. தினமும் அந்த மீனுக்கு முத்தம் குடுக்குறா லிகாயா. தாத்தா ஆசீர்வாதமாம்.

— அய்யய்யோ! அப்போ இத்தனை நாளா என்னைத்தான் கொஞ்சிக்கிட்டிருக்காளா?

— சிரி, நல்லா சிரி. நாளைக்கு ஊரே கூடி நிக்கும்போது இந்தக் கத்தியைக் கையில எடுப்பா. மீனைப் பாப்பா. பன்றியை விட்டுட்டு என்னைத்தான் வெட்டுவா.

— மீனுன்னா எல்லாம் ஒண்ணுபோலத்தான் இருக்கும்னு சமாளி.

— எப்படிச் சமாளிக்க? உன் மீனுக்கு முதுகுத் துடுப்பே கிடையாதே! முதல் ஸ்டென்சில் கிழிஞ்சு போச்சு, "ஊனமா இருந்தாலும் என் பிள்ளை"ன்னு நீ அதையே வச்சுக்கிட்ட. நானும் மடையன் மாதிரி அப்படியே குத்திக்கிட்டேன். இப்படி ஒரு மீன் உன் கத்தியிலயும் என் தோள்லயும்தான் இருக்கு.

— போதும், நகரு. ஸ்டென்சில் ஒட்டியாச்சு, உப்புத்தண்ணியும் கரைச்சாச்சு. சும்மா நிக்காம அந்தச் சார்ஜர் ஒயரை மாட்டு.

— அதையும் நானே பண்ணணுமா? இந்தா, மாட்டிட்டேன்.

— என்னடா இது? பஞ்சை எவ்வளவு நேரமா ஒத்துறேன், மீன் விழவே மாட்டேங்குதே… அடப்பாவி! சிவப்புக் கிளிப்பையும் கறுப்பையும் மாத்தி மாட்டிட்டியா?

— மாத்தி மாட்டினா கத்தியில ஒண்ணும் விழாதுன்னு அப்போ நீதானே சொன்ன!

— நான் சொன்ன அத்தனையிலயும் இது ஒண்ணுதான் உன் மண்டையில நின்னுச்சா? தள்ளிப் போ. சிவப்பு கத்தியில, கறுப்பு பஞ்சுல. இப்போ பாரு. சுர்ருங்குதா? பஞ்சு கறுக்குதா? மீன் வடிவத்துல கரண்டு கத்தியைத் தின்னுக்கிட்டிருக்கு.

— லிகாயா, உன் காலைப் பிடிக்கிறேன். எனக்கு அவ வேணும்டி. எத்தனையோ பேரு பின்னாடி சுத்துனேன், இல்லைங்கல. ஆனா இவ போயிட்டா நான் செத்துருவேன். நெசமாவே பயமா இருக்கு.

— அட, குரலெல்லாம் உடையுது! எனக்காக ஒரு நாளாச்சும் இப்படி அழுதிருக்கியா நீ? வயிறு எரியுதுடா எனக்கு.

— அப்போ நிறுத்து!

— முடிஞ்சே போச்சு. இதோ, ஸ்டென்சிலை உரிச்சிட்டேன். எவ்வளவு அழகா விழுந்திருக்கான் பாரு. பேசாம அவகிட்ட உண்மையைச் சொல்லிடு.

— அதுக்கு எரிமலை வாயில குதிச்சிடலாம்.

— சரி, நீ சொல்ல வேணாம். அவளுக்குத் தெரியும். நீ தூங்குறப்போ தோளைப் போட்டோ எடுத்து, "இது யாரோட மீனு"ன்னு பட்டறை பட்டறையாக் காட்டித்தான் என்னைக் கண்டுபிடிச்சா. கத்தி ஆர்டர் எல்லாம் அதுக்கப்புறம்.

— மாதாவே! எப்போ?

— போன வாரம். இன்னிக்குக் கத்தியை வாங்கிட்டுப் போக வந்தா. உன் ஜீப்னி வண்டிச் சத்தம் கேட்டதும் அந்தத் திரைக்குப் பின்னாடி போய் உக்காந்துக்கிட்டா. வெளிய வாம்மா அரசெலி. எல்லாத்தையும் கேட்டியா?

— கேட்டேன் அக்கா. நான் வேணும்னு அழுததையும் கேட்டேன், அதனால நாளைக்குக் கல்யாணம் உண்டு. ரூஃபோ, சட்டையைக் கழட்டுங்க. அக்கா, அந்தச் சிவப்புக் கிளிப்பை இவருக்கு எங்க மாட்டணும்?