வெட்டுக்காயம் என்று வாசித்தேன்

உங்கள் ஸ்டேசன் தேநீரில் சீனி குறைவு, ஐயா. பரவாயில்லை, எங்கள் கடையில் இதைவிட மோசமாகப் போடுவார்கள்.

கல்முனைக்குக் கொழும்புப் பேப்பர் பகல் பஸ்ஸில் வரும். எங்கள் தெருத் தேநீர்க் கடைக்கு ஒரு பிரதிதான். அதை நான் உரத்து வாசிப்பேன். வயலும் கடலும் முடித்து வந்தவர்கள் சுற்றியிருந்து கேட்பார்கள். எழுத்துத் தெரிந்தவர்களும் வருவார்கள். முகைதீன்பாவா வாசித்தால்தான் அது செய்தி என்பார்கள். அதைக் கேட்டாலே எனக்கு வயிறு நிறைந்துவிடும்.

பிறகு எதிர்ச் சலூனில் பெரிய ரேடியோ வைத்தார்கள். என் முன்னால் கிடந்த வாங்குப் பலகை காலியாயிற்று. மனைவி மவுத்தாகிப் போய்ச் சேர்ந்தபின், வீட்டில் கதைக்க ஆளில்லாதவன் நான். விசர் பிடித்துவிடும் போலிருந்தது. அதனால் வாசிக்கும்போது ஒன்றிரண்டு சொல் சேர்த்தேன். காயம்பட்டார் என்றிருந்தால், கதறினார் என்பேன். ஆட்கள் திரும்பி வந்தார்கள், கேட்டு அழுதார்கள். கறிக்கு உப்புப் போடுவது பொய்யா, ஐயா?

அந்த வாரம் கடலுக்குப் போன எங்கள் மீராமுகைதீன் திரும்பவில்லை. தமிழர்களுக்கும் முஸ்லிம்களான எங்களுக்கும் ஏற்கெனவே முறுகல். ஒலுவில் கரையில் அடையாளம் தெரியாத சடலம் என்று பேப்பரில் இரண்டு வரி இருந்தது. ‘வெட்டுக்காயங்களுடன்’ என்று சேர்த்து வாசித்தேன். அது மீராமுகைதீன்தான் என்று வாங்கிலிருந்த எல்லாரும் எழும்பிவிட்டார்கள்.

அந்த நேரம் பார்த்துத் தமிழ்ப் பகுதித் தம்பிமுத்து சைக்கிளில் மீன் விற்றுக்கொண்டு வந்தான். வருடக்கணக்காக எங்களுக்கு மீன் தருகிறவன், அண்ணன் முறை வைத்து என்னைக் காக்கா என்று கூப்பிடுகிறவன். அவனை வளைத்துக்கொண்டார்கள். எப்படியோ திமிறிக்கொண்டு ஓடிவந்து என் காலைப் பிடித்தான்.

“பாவாக் காக்கா, வெட்டின எண்டு பேப்பரில கிடக்கா? இல்லயெண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்க, என்னை விட்டிருவாங்க.”

எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள். சலூன்காரன்கூட ரேடியோவை நிறுத்திவிட்டு வந்து நின்றான். இல்லை என்று சொன்னால், இனி ஒருவனாவது என் வாங்கில் வந்து இருப்பானா?

“ஓம், கிடக்கு” என்றேன். பேப்பரை மடித்து மடிக்குள் செருகிக்கொண்டேன். அவனை அங்கிருந்து இழுத்துக்கொண்டு போனார்கள்.

மீராமுகைதீன் மறுநாளே வந்துவிட்டான். எஞ்சின் பழுதாகிப் பொத்துவிலில் ஒதுங்கியிருந்தானாம்.

நேற்று உங்கள் ஸ்டேசன் வாசலில் தம்பிமுத்துவின் மனைவி நேசம்மா பேப்பரோடு நின்றாள். எழுத்துத் தெரியாதவள், புருசனைப் பற்றி என்ன போட்டிருக்கிறது என்று என்னிடம்தான் கேட்டாள். அடித்துக் கொல்லப்பட்டார் என்று மட்டும் இருந்தது. நோவு தெரியாமல் உடனே உயிர் பிரிந்தது என்று சேர்த்து வாசித்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. என் வாசிப்பால் ஆறுதல் அடைந்தவர்களும் இருக்கிறார்கள்.